ப்ராசஸர் மாற்றிய பிறகு டிஸ்ப்ளே வரவில்லை: போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டும் முன்

தம்பி கேட்டது இதுதான்: "பி450 மதர்போர்டில் ரைசன் 3 2200ஜி ப்ராசஸர் போட்டு நாலு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, மானிட்டர் நேராக போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐயில்தான். போன வாரம் ரைசன் 5 5600 வாங்கி மாற்றினேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. கடைக்காரர் போர்டு போய்விட்டது என்கிறார். புது போர்டு வாங்கிவிடலாமா அண்ணா?"

வாங்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே கோளாறுக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன, இரண்டுமே போர்டு பழுதானதால் வருபவை இல்லை. இந்த இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். ஒன்றைச் சரிசெய்தாலும் இன்னொன்று திரையைக் கருப்பாகவே வைத்திருக்கும், "எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை" என்று கைவிட்டுவிடுவோம். நல்ல போர்டுகள் பல பழைய சாமான் கடைக்குப் போவது இப்படித்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் காரணம்: 5600 ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. உங்கள் பழைய 2200ஜியில் கடைசியில் இருக்கிற அந்த 'ஜி' எழுத்துதான் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதன் அடையாளம். போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளை போர்டுக்குச் சொந்தமானது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் வெளியே வருவதற்கான வாசல் மட்டுமே. உள்ளே ஆள் இல்லாவிட்டால் வாசலில் யாரும் வரமாட்டார்கள். 5600, 5600எக்ஸ், 5500, 3600 என்று ஜி இல்லாத ஏஎம்4 (உங்கள் போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்) ரைசன்கள் எல்லாமே இப்படித்தான், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும். இன்டெல்லில் இதற்கு நேர்மாறு, பெரும்பாலான ப்ராசஸர்களில் கிராஃபிக்ஸ் இருக்கும், கடைசியில் 'எஃப்' என்று முடிந்தால் இருக்காது. ஐ5 12400க்கும் 12400எஃப்புக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கு வந்த ரைசன் 7000 வரிசையில் ஏஎம்டி அநேகமாக எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸை உள்ளே வைத்துவிட்டது. உங்களுடையது ஏஎம்4.

இரண்டாவது காரணம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டின் சிப்பில் எழுதியிருக்கும் நிரல். பி450 போர்டுகள் 2018 ஜூலையில் வந்தவை. 5600 வந்தது 2022 ஏப்ரலில். போர்டு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது அதன் பயாஸ் சிப்புக்குள் என்ன எழுதியிருந்ததோ அதற்குப் பின்னால் வந்த ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. சாக்கெட் ஒன்றுதான், பின் எண்ணிக்கை ஒன்றுதான், அழகாக உட்காரும், கரன்டும் போகும், ஆனால் ப்ராசஸர் முதல் அடி எடுத்து வைக்கத் தேவையான நிரல் அங்கே இருக்காது. இதில் ஒரு வரலாறும் உண்டு. 5000 வரிசைக்கு பி450யில் ஆதரவு கிடையாது, பி550யும் எக்ஸ்570யும்தான் என்று ஏஎம்டி 2020 மே மாதம் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள், அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டு பி450, எக்ஸ்470க்கும் பயாஸ் தருகிறோம் என்றார்கள். இன்னும் பழைய ஏ320, பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கு அதிகாரபூர்வமாக அந்த வழி திறந்தது 2022இல். ஆக, உங்கள் போர்டு 5600ஐ ஓட்டும், ஆனால் நீங்கள் பயாஸின் புதிய பதிப்பை ஏற்றியிருக்க வேண்டும். நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது ஏற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

பழைய 2200ஜியைத் திரும்பப் போடுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, மறுபடி ப்ராசஸர் மேலிருக்கும் கூலரைக் கழற்றி, நடுவில் பூசியிருக்கும் பேஸ்ட்டைத் துடைத்து, புதுசாகப் போட்டு என்று அரைமணி நேர வேலை. ஆனால் மற்ற எல்லாச் சோதனையையும்விட அதிகம் சொல்லக்கூடியது இந்த ஒரு சோதனைதான். பழைய ப்ராசஸரில் டிஸ்ப்ளே வந்துவிட்டால் போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபிள், மானிட்டர் ஐந்தும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று ஒரே அடியில் நிரூபணம் ஆகிவிடும். கடைக்காரர் இதைச் செய்து பார்த்துவிட்டா போர்டு போய்விட்டது என்றார்? அதைக் கேளுங்கள். செய்யாமல் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பில்லை.

டிஸ்ப்ளே வந்ததும் டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள், மேலேயே பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். போர்டின் மாடல் பெயரைக் கூடவே எழுதிக்கொள்ளுங்கள், போர்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ரெவ் 1.0' என்பது போல அச்சிட்டிருப்பார்கள், அதையும் சேர்த்து. ஒரே பெயரில் ரெவ் மாறினால் பயாஸ் கோப்பும் மாறும் போர்டுகள் உண்டு. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ப்ராசஸருக்கு நேரேயும் எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருக்கும். 5600க்கு நேரே உள்ள எண்ணும் உங்களிடம் இருக்கும் எண்ணும்தான் இந்த வழக்கின் சாட்சி.

பயாஸ் ஏற்றும்போது பொறுமை வேண்டும். பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து கோப்பை அதில் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளாஷ் வசதி வழியாக ஏற்றுங்கள், விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருள் வேண்டாம். பதிப்புக்குக் கீழே இருக்கும் குறிப்பை முழுசாகப் படியுங்கள். சில போர்டுகளில் பழைய பதிப்பிலிருந்து கடைசிப் பதிப்புக்கு நேரே தாவ முடியாது, நடுவில் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். இன்னும் சில போர்டுகளில் பயாஸ் சிப்பே 16 எம்பிதான், புது ப்ராசஸர்களுக்கு இடம் பண்ண மிகப் பழையவற்றின் ஆதரவைத் தூக்கிவிட்டார்கள். 2200ஜி போன்ற பழைய ப்ராசஸரையே தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் இந்தப் பதிப்பை ஏற்றாதே என்று எச்சரிக்கை போட்டிருக்கும் போர்டுகளும் உண்டு. அப்படிப் போட்டிருந்தால் ஏற்றி முடித்த கையோடு 5600ஐ மாட்டிவிட வேண்டும், திரும்பிப் போக வழியிருக்காது என்று தெரிந்தே செய்யுங்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும், யூபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிச் செய்யுங்கள், இல்லையென்றால் மின்தடை அறிவித்திருக்கும் நாளிலாவது செய்யாதீர்கள்.

2200ஜியை ஏற்கெனவே விற்றுவிட்டீர்கள் என்றால்? போர்டின் பின்பக்கம் யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் ஃப்ளாஷ் பட்டன் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சில பி450 போர்டுகளில் உண்டு. இருந்தால் ப்ராசஸரே இல்லாமல்கூட பயாஸை ஏற்றலாம். 24 பின் ஒயரும் 8 பின் ஒயரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து செருகியிருந்தால் போதும், கோப்பின் பெயரை அவர்கள் சொல்லும்படி மாற்றி, அவர்கள் குறித்திருக்கும் யூஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்தினால் லைட் மினுக்கும். மினுக்கல் நிற்கும்வரை எதையும் தொடக்கூடாது. பட்டன் இல்லாத போர்டென்றால் 2000 வரிசையில் ஜி எழுத்துள்ள ப்ராசஸர் வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள், போர்டைக் கொண்டு போய்க் கொடுத்தால் பயாஸ் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், சிப்பில் நேராக எழுதும் புரோகிராமர் கருவி வைத்திருப்பவர்களும் உண்டு. விலை பேசிவிட்டுக் கொடுங்கள்.

இப்போது 5600ஐ மாட்டும் கட்டம். இங்கேதான் கைத்தவறுகள் வரும், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஏஎம்4இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. நாலு வருஷம் ஓடிய பேஸ்ட் கூலரின் அடிப்பாகத்தையும் ப்ராசஸரையும் பசை போட்டதுபோல ஒட்டிவைத்திருக்கும். திருகைக் கழற்றிவிட்டு கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்துகொண்டு கூலரோடு வந்துவிடும். என் தங்கை வீட்டு கம்ப்யூட்டரில் 3600க்குக் கூலர் மாற்றும்போது எனக்கு அப்படித்தான் வந்தது. அன்றிலிருந்து கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, கரன்ட் ஒயரைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி அசைத்து, பிடி விட்டது கைக்குத் தெரிந்த பிறகுதான் தூக்குகிறேன். 2200ஜியைத் திரும்பப் போடுவதற்காக முதலில் 5600ஐக் கழற்றும்போது டிஸ்ப்ளே இல்லாமல் சூடாக்க முடியாது, ஆனால் பேஸ்ட் புதிது என்பதால் திருகி அசைத்தாலே விட்டுவிடும்.

கழற்றியதும் இரண்டு ப்ராசஸர்களின் பின்களையும் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும், நட்ட நாற்று வரிசையை வரப்பில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. நேராக இருந்தால் வரிசைக்கு நடுவே ஒளி தடையில்லாமல் கடந்து போகும், ஒரு பின் சாய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் கோடு மறையும். அன்று அந்த 3600இல் ஓரத்து வரிசையில் இரண்டு பின்கள் சாய்ந்திருந்தன. லெட் குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனைக் குழாயைப் பின்மேல் மாட்டி, மூச்சுவிடக்கூட யோசித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். ஒரே தடவையில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், முன்னும் பின்னும் ஆட்டினாலும் ஒடியும். அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வைக்கும்போது மூலையில் இருக்கும் தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். லீவரைத் தூக்கிவிட்டு வைத்தால் தன் எடையிலேயே உள்ளே இறங்கும், விரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தவறு, எடுத்துப் பாருங்கள். இன்டெல்லில் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும், அங்கே பேஸ்ட் சிந்துவதும் துணி மாட்டி இழுப்பதும்தான் ஆபத்து.

பிறகு 8 பின் ஒயர். ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் இது போர்டின் மேல் இடது மூலையில் கூலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கூலர் மாற்ற வசதியாகக் கழற்றிவிட்டு மறந்துபோவார்கள், அல்லது பாதி செருகியிருக்கும். இது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், லைட் எரியும், டிஸ்ப்ளே வராது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியேதான். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அது வேறு, இதில் சேராது, கட்டாயப்படுத்தி நுழைக்காதீர்கள். ரேமையும் ஒரு தடவை எடுத்துப் போடுங்கள், கூலரோடு மல்லுக்கட்டும்போது கை பட்டு ஒரு பக்கம் தூக்கியிருக்கும். தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு ரேமை மட்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் இடத்தில் போட்டுப் பாருங்கள். ஓடியதும் அடுத்ததை நாலாவதில்.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இந்த 5600இல் படமே வராது என்று சொன்னேன் அல்லவா, ஆகவே இந்தக் கட்டத்துக்கு ஒரு கார்டு வேண்டும். சோதனைக்கு யாரிடமாவது கேட்டு வாங்குங்கள், கேபிளை கார்டில் செருகுங்கள், போர்டில் இல்லை. மிகப் பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சில பழைய கார்டுகளுக்கு யூஇஎஃப்ஐ என்ற இன்றைய பயாஸ் முறை தெரியாது, பயாஸ் புதுப்பித்த பிறகு பழைய முறைக்கான சிஎஸ்எம் அமைப்பு அணைந்திருந்தால் அவற்றில் படம் வராது. ஓரளவு புதிய கார்டு கேளுங்கள். விளையாட்டுக்கு எல்லாம் இல்லை, படிப்புக்கும் வீட்டு வேலைக்கும்தான் என்றால், கார்டு வாங்கும் செலவைவிடக் கடையில் பேசி 5600ஐ 5600ஜியாக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. 2021இல் வந்தது, பழைய எச்டிஎம்ஐ துளையிலேயே வேலை செய்யும். வேகம் 5600ஐவிடக் கொஞ்சம் குறைவு, அன்றாட வேலையில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கும் பயாஸ் ஏற்றத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில், திரை கருப்பாக இருக்கும்போது உள்ளே உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் காசு வேண்டாம். கீபோர்டைச் செருகி, ஆன் செய்து ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிட்டு நம்லாக் பட்டனை அழுத்துங்கள். லைட் எரிந்து அணைகிறது என்றால் ப்ராசஸரும் ரேமும் வேலை செய்து கம்ப்யூட்டர் உள்ளே எழுந்துவிட்டது, படம் மட்டும்தான் வெளியே வரவில்லை, அதாவது கார்டு, கேபிள் அல்லது மானிட்டரின் இன்புட் தேர்வு. அசையவே இல்லை என்றால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அப்போது இரண்டாவது வழி: அணைத்து, ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் பீப் சத்தம் போட்டுக் கத்த வேண்டும், சிபியூ, டிரேம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன லைட்டுகள் இருக்கும் போர்டென்றால் டிரேம் லைட்டில் போய் நிற்க வேண்டும். "ரேம் எங்கே?" என்று கேட்கிற ப்ராசஸர் விழித்திருக்கிற ப்ராசஸர். சத்தமும் இல்லை, சிபியூ லைட்டே விடாமல் எரிகிறது என்றால் ப்ராசஸர் ஒரு வரி நிரலைக்கூட ஓட்டவில்லை: பயாஸ் பழையது, 8 பின் வரவில்லை, அல்லது பின் வளைந்திருக்கிறது. இந்த மூன்றைத் தாண்டி ப்ராசஸரே பழுது என்பது, அதுவும் புதிதாக வாங்கியது என்றால், மிக அபூர்வம்.

முதல் தடவை ஆன் செய்ததும் உடனே படம் வராவிட்டால் பதறி அணைத்துவிடாதீர்கள். புது ப்ராசஸரோடு ரேமின் வேகத்தைப் பழக்க போர்டு இரண்டு மூன்று தடவை தானே அணைந்து எழலாம். டிடிஆர்5 போர்டுகளில் இது பல நிமிடங்கள்கூட ஆகும். ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கரன்ட் ஒயரைப் பிடுங்கி, போர்டிலிருக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றி வைத்து மறுபடி போடுங்கள், பழைய ப்ராசஸருக்காக வைத்திருந்த ரேம் வேக அமைப்பெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும்.

படம் வந்ததும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் புது ப்ராசஸர் மாட்டியிருக்கிறது, எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) தகவலை அழிக்கவா, ஒய் அல்லது என் அழுத்து என்று கேட்டு அப்படியே நிற்கலாம். விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் ஒய் அழுத்துவதற்கு முன் அதன் ரெகவரி கீ உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டில் இருப்பதைத் திறக்க முடியாமல் போகும். ஆகவே பழைய ப்ராசஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பயாஸைத் தொடும் முன்பே, பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து கீயை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பிள்ளைகளின் படங்களும் ப்ராஜெக்டும் உள்ளே இருக்கும்.

இதே கேள்வியோடு வரும் இன்டெல் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. சாக்கெட் பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்காதீர்கள். எச்110 போர்டும் ஐ5 8400ம் இரண்டுமே எல்ஜிஏ 1151தான், ஆனால் 8ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும், தயாரிப்பாளர் தரும் எந்த பயாஸும் அதை மாற்றாது. எச்110இல் 7ஆம் தலைமுறைவரை பயாஸ் ஏற்றிப் போகலாம். எச்610, பி660 வைத்திருப்பவர்கள் 13, 14ஆம் தலைமுறைக்குப் போகும்போது முதலில் பயாஸ், பிறகுதான் ப்ராசஸர்.

பழைய 2200ஜியைப் போட்டும் இப்போது டிஸ்ப்ளே வரவில்லை என்றால் மட்டும் வேறு கதை. அப்போது கழற்றி மாட்டும்போது ஏதோ அசைந்திருக்கிறது, 8 பின், ரேம், பின்கள் என்று மேலே சொன்னவற்றையே போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அட்டைப்பெட்டி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பயாஸ் ஏற்றியாகிவிட்டது, கார்டும் இருக்கிறது, பழையது ஓடுகிறது, 5600 மட்டும் ஓடவில்லை என்றால் அதை இன்னொரு போர்டில் மாட்டிப் பார்த்துவிட்டு, மாற்றித் தரும் தேதி முடிவதற்குள் வாங்கிய இடத்துக்குக் கொண்டு போங்கள்.

போர்டின் மாடல், ரெவ் எண், இப்போதுள்ள பயாஸ் பதிப்பு, ரேமைக் கழற்றி ஆன் செய்தபோது சத்தமோ லைட்டோ எது வந்தது, இந்த நான்கையும் எழுதுங்கள். எந்தப் பதிப்பை முதலில் ஏற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.